கேரட் செல்லில் மருந்து தயாராகிறது என்றால், எல்லா மருந்தையும் ஏன் செடியிலேயே செய்வதில்லை?

#1 புதுவிதை

உயிரித்தொழில்நுட்பம் படிக்கிறேன், கடைசி ஆண்டு. செடிகளில் மருந்துப் புரதம் தயாரிப்பது பற்றி வகுப்பில் ஒரு பாடம் வந்தது. அதில் சொன்ன கணக்கு ரொம்ப எளிமையாக இருந்தது. பாலூட்டிச் செல்களை வளர்க்க எஃகுக் கலன், விலை உயர்ந்த ஊட்டக் கரைசல், கிருமி புகாத அறை எல்லாம் வேண்டும். செடிக்கு வெளிச்சமும் தண்ணீரும் உரமும் போதும். மரபணுவை உள்ளே வைத்துவிட்டால் இலை தானே புரதத்தைச் செய்து தந்துவிடும், மருந்து விலை பல மடங்கு குறையும்.

சரி, 1989லேயே புகையிலையில் ஆன்டிபாடி உண்டாக்கிக் காட்டிவிட்டார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மனிதர்களுக்கென்று அனுமதி பெற்றவற்றை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கேரட் செல்லில் செய்த ஒன்று இருப்பது தெரியும். மற்றவை எங்கே போயின? பெரிய கம்பெனிகள் அமுக்கிவிட்டன என்கிறான் நண்பன். எனக்கு அது நம்பும்படி இல்லை, வேறு பதிலும் தெரியவில்லை.

#2 இலைநரம்பு

முதலில் எப்படிச் செய்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பேச்சு அந்தரத்தில் நிற்கும்.

பழைய வழி, மரபணுவைச் செடியின் குரோமோசோமிலேயே சேர்த்து, விதை எடுத்து, தலைமுறை தலைமுறையாக வளர்ப்பது. நல்ல செடி வம்சம் ஒன்று கிடைக்கவே ஓரிரு ஆண்டு போய்விடும். இப்போது பெரும்பாலானவர்கள் அதைச் செய்வதில்லை. நிக்கோட்டியானா பெந்தாமியானா என்று ஆஸ்திரேலியக் காட்டுச்செடி ஒன்று, புகையிலைக்கு ஒன்றுவிட்ட உறவு. அதை ஐந்தாறு வாரம் வளர்த்து, தொட்டியோடு தலைகீழாகப் பிடித்து, அக்ரோபாக்டீரியம் கலந்த நீரில் இலைகளை முக்கி, காற்றை உறிஞ்சுவார்கள். இலைக்குள் செல்களுக்கு இடையே இருக்கும் காற்று வெளியேறிவிடும். வெற்றிடத்தைத் திறந்ததும் அந்த இடத்தை பாக்டீரியா நீர் நிரப்பிக்கொள்ளும். அக்ரோபாக்டீரியத்துக்குத் தன் டிஎன்ஏவைச் செடியின் செல்லுக்குள் தள்ளுவது பிறவிக் குணம். தன் சொந்த மரபணுவுக்குப் பதில் நாம் கொடுத்த மரபணுவைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். ஒரு வாரத்துக்குள் இலையை அறுத்துவிடலாம்.

இந்தச் செடியைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. வைரஸ் எதிர்ப்புக்கு உதவும் ஒரு மரபணு இதில் பழுதாகிக் கிடக்கிறது. வெளியிலிருந்து வரும் ஆர்என்ஏவை மற்றச் செடிகள் மாதிரி உடனே அடக்கிவிடாது. கூடவே பி19 என்ற வைரஸ் புரதத்தையும் சேர்த்துக் கொடுத்தால் மிச்சமிருக்கும் எதிர்ப்பும் அடங்கிவிடும். ஜெர்மனியின் ஹாலே நகரில் ஐகான் ஜெனடிக்ஸ் குழு வைரஸ் துண்டுகளையும் அக்ரோபாக்டீரியத்தையும் இணைத்து ஒரு முறையை உருவாக்கியது. நன்றாக ஒத்துழைக்கும் புரதம் என்றால், ஒரு கிலோ பச்சை இலையில் சில கிராம் வரைக்கும் வந்திருக்கிறது.

வேகம்தான் இதன் பலம். கனடாவின் மெடிகாகோ நிறுவனம் 2020 மார்ச்சில், கொரோனா மரபணு வரிசை கையில் கிடைத்து 20 நாளில், தடுப்பூசிக்கு வேண்டிய வைரஸ் போன்ற துகளைச் செய்துவிட்டதாக அறிவித்தது. முட்டையில் தடுப்பூசி வளர்ப்பவர்கள் கனவில்கூட நினைக்க முடியாத வேகம் இது.

#3 வடிகட்டி

புரதச் சுத்திகரிப்பில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

// செடிக்கு வெளிச்சமும் தண்ணீரும் உரமும் போதும் //

இலை மலிவு. உண்மைதான். ஆனால் மருந்தின் செலவு இலையில் இல்லை. செடியில் செய்த புரதத்தைப் பொறுத்தவரை, உற்பத்திச் செலவில் பெரும்பங்கு அறுவடைக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து வந்த சிஹெச்ஓ செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய ஆன்டிபாடி மருந்துகளில் பெரும்பாலானவை அதில்தான் செய்யப்படுகின்றன. அந்தச் செல் ஆன்டிபாடியை வெளியே கரைசலில் விட்டுவிடும். செல்லை வடித்தால் கையில் இருப்பது ஓரளவு தெளிந்த நீர். இலை அப்படியில்லை, அரைக்க வேண்டும். அரைத்தால் செல்லுக்குள் இருப்பதெல்லாம் ஒன்றாக வெளியே கொட்டும். பச்சையம், நார், நிக்கோட்டின், காற்று பட்டதும் கறுத்துப்போய்ப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் ஃபீனால்கள், நம் புரதத்தையே கடித்துத் தின்னும் புரதமுறிப்பான்கள், எல்லாம். அதற்கு மேல் ரூபிஸ்கோ என்ற ஒளிச்சேர்க்கை நொதி. இலையின் கரையும் புரதத்தில் பாதி வரைக்கும் அது ஒன்றே இருக்கும். கூட்டத்தில் காணாமல் போன பிள்ளையைத் தேடுகிற மாதிரி வேலை, அதிலும் கூட்டத்தில் பாதிப்பேர் ஒரே முகம்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. அக்ரோபாக்டீரியம் கிராம் நெகட்டிவ் வகை. அதன் மேலுறையில் இருக்கும் எண்டோடாக்சின் ரத்தத்தில் போனால் காய்ச்சல் அடிக்கும், அதிர்ச்சி வரைக்கும் போகும். இலைக்குள் அந்தப் பாக்டீரியாவை நிரப்பியது நாமேதான், ஆகவே எண்டோடாக்சினை நீக்கியதற்கு அத்தாட்சியும் காட்ட வேண்டும்.

கடைசிப் படிகள் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆன்டிபாடியைப் பிடித்து நிறுத்தும் அதே புரோட்டீன் ஏ குழாய், அதே நுண்வடிகட்டி, அதே குப்பி நிரப்பும் கூடம், அதே தரச் சோதனைகள். அங்கே செடி எதையும் மிச்சப்படுத்தாது.

#4 புதுவிதை

அப்படியானால் அரைக்கும் முன்பே எதையாவது குறைக்க வழியில்லையா? இலையை வேகவைத்தால் என்ன, விளையாட்டாகத்தான் கேட்கிறேன்.

#5 வடிகட்டி

விளையாட்டில்லை, செய்கிறார்கள். ஜெர்மனியில் ஆஹன் நகரத்து ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வாளர்கள் இலையைச் சூடான நீரில் முக்கி எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 65 டிகிரி சுற்றளவில் ரூபிஸ்கோ உட்படச் செடியின் சொந்தப் புரதம் பெரும்பாலும் திரிந்து இலைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. வேண்டிய புரதம் சூடு தாங்குவதாக இருந்தால் அரைத்த சாறு பாதி சுத்தமாகவே வெளியே வரும். சூடு தாங்காத புரதம் என்றால் இந்த வழி அடைபட்டது. ஒவ்வொரு புரதத்துக்கும் இப்படித் தனித்தனியாகப் பாடுபட வேண்டியிருப்பதுதான் கஷ்டம். சிஹெச்ஓ ஆட்களுக்கு ஆன்டிபாடி என்றால் தயாராக ஒரு வழித்தடம் இருக்கிறது.

#6 மருந்தகன்

கம்பெனிகள் அமுக்கின என்ற பேச்சுக்கு ஒரு கணக்கு பதில் சொல்லிவிடும், பாருங்கள்.

எபோலாவுக்கு இசட்மேப் என்று மூன்று ஆன்டிபாடிகள் சேர்ந்த மருந்து. அமெரிக்காவின் ஓவன்ஸ்பரோவில் பெந்தாமியானா செடியில் செய்தார்கள். 2014ல் லைபீரியாவில் நோய் தொற்றிய இரண்டு அமெரிக்கப் பணியாளர்களுக்குக் கொடுத்ததும் உலகச் செய்தியானது. சில வாரத்தில் கையிருப்பு தீர்ந்துபோனது. ஏன் தீர்ந்தது? ஒரு கிலோ உடல் எடைக்கு 50 மில்லிகிராம், மூன்று தவணை. 70 கிலோ ஆளுக்குப் பத்தரை கிராம் சுத்தமான ஆன்டிபாடி வேண்டும். ஒரு கிலோ இலையில் ஒரு கிராம் இருக்கிறது, சுத்திகரிப்பில் பாதி போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நோயாளிக்கு 21 கிலோ இலை. நூற்றுக்கணக்கான செடிகள். சிஹெச்ஓவில் லிட்டருக்கு 5 கிராம், முப்பது சதவீதம் இழப்பு என்று போட்டால் அதே மருந்துக்கு மூன்று லிட்டர் கரைசல் போதும்.

இப்போது மெடிகாகோவின் கோவிஃபென்ஸ் என்ற கொரோனா தடுப்பூசியைப் பாருங்கள். ஒரு ஊசியில் 3.75 மைக்ரோகிராம், இரண்டு ஊசி. ஒரு கிராம் புரதம் 1,30,000 பேருக்கு மேல் வரும்! அதே செடி, அதே முறை. தடுப்பூசிக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது, கிராம் கணக்கில் வேண்டிய ஆன்டிபாடிக்கு மூச்சு வாங்குகிறது.

இசட்மேப் கதையின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்த சோதனையில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 37 சதவீதம் பேரும், இசட்மேப் சேர்த்துப் பெற்றவர்களில் 22 சதவீதம் பேரும் இறந்தார்கள். மொத்தமே 72 பேர், ஆகவே உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. பிறகு காங்கோவில் 2018 முதல் 2019 வரை நான்கு மருந்துகளை நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். இசட்மேப் பெற்றவர்களில் பாதிப்பேர் இறந்தார்கள். மற்ற இரண்டு ஆன்டிபாடி மருந்துகளில் அது மூன்றில் ஒரு பங்கு. இசட்மேப்பைக் கைவிட்டார்கள். இதில் செடியின் குறை எதுவும் இல்லை. அந்த ஆன்டிபாடிகளைவிட மேலான ஆன்டிபாடிகள் வந்துவிட்டன.

#7 இலைநரம்பு

// நூற்றுக்கணக்கான செடிகள் //

கணக்கு சரி. ஆனால் 2014ல் சிஹெச்ஓ வழியாக அந்த மூன்று ஆன்டிபாடிகளும் யாரிடமும் தயாராக இல்லை. இருந்தது செடி மட்டும்தான். அவசரத்தில் முதலில் வந்து நிற்பது அதுதான் என்பதையாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

#8 மருந்தகன்

ஒப்புக்கொள்கிறேன்.

#9 எதிர்க்காற்று

எல்லோரும் கண்ணாடி வீட்டுக்குள்ளேயே நின்று பேசுகிறீர்கள். இந்தத் துறை வயலில் இறங்கியபோது என்ன ஆனது என்று யாரும் வாயைத் திறக்கவில்லை.

புரோடிஜீன் என்ற நிறுவனம் பன்றிகளுக்கான வயிற்றுப்போக்குத் தடுப்பூசிப் புரதத்தை மக்காச்சோளத்தில் வளர்த்தது. மறு ஆண்டு, 2002ல், நெப்ராஸ்காவில் அதே நிலத்தில் சோயா விதைத்தார்கள். உதிர்ந்த மக்காச்சோளம் தானாக முளைத்துச் சோயாவோடு சேர்ந்து அறுவடையாகி, கிடங்கில் இருந்த 5 லட்சம் புஷல் (தானியம் அளக்கும் அமெரிக்க அளவு) சோயாவோடு கலந்துவிட்டது. மொத்தத்தையும் அழிக்க வேண்டியதாயிற்று. அபராதம் 2,50,000 டாலர், சுத்தம் செய்த செலவு தனி. அதே ஆண்டு ஐயோவாவில் மகரந்தம் பரவியிருக்கலாம் என்று 155 ஏக்கர் மக்காச்சோளத்தை அழித்தார்கள். மனிதன் தின்னும் பயிரில் மருந்தை வளர்ப்பது என்ற யோசனையே அடிப்படையில் கோளாறானது. நிறுவனங்கள் முதலீட்டாளருக்குக் காட்டிய படத்தில் மட்டும் அது அழகாக இருந்தது.

#10 பசுங்கணிகம்

ஆனால் ஏன் மக்காச்சோளத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். விதை என்பது இயற்கையே அமைத்த கிடங்கு. புரதத்தைச் சேர்த்து வைக்கத்தான் அது இருக்கிறது. காய்ந்த விதையில் புரதம் குளிர்ப்பெட்டி இல்லாமலே பல மாதம், சிலவற்றில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். இலை அறுத்த அன்றே வாட ஆரம்பித்துவிடும். ஆகவே விதையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கண்ணாடி வீட்டுக்குள் வளர்த்தால் போயிற்று.

ஜப்பானில் அப்படித்தான் செய்தார்கள். காலரா நச்சின் தீங்கில்லாத பாதியை அரிசியில் வைத்து, மூடிய கூடத்தில் மண்ணில்லாமல் வளர்த்து, அரிசியைப் பொடித்து நீரில் கலந்து குடிக்கக் கொடுத்தார்கள். மியூகோரைஸ் என்று பெயர். டோக்கியோ பல்கலைக்கழகக் குழு நடத்திய முதல் கட்டச் சோதனையின் முடிவு 2021ல் வெளியானது. பாதுகாப்பில் பிரச்சினை இல்லை. எதிர்ப்பாற்றல் எழுந்தது, ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி எழவில்லை. குடலில் இருக்கும் நுண்ணுயிர்க் கூட்டத்தைப் பொறுத்து மாறியது.

#11 எதிர்க்காற்று

// கண்ணாடி வீட்டுக்குள் வளர்த்தால் போயிற்று //

அப்படிச் செய்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அப்போது ஏக்கர் கணக்கில் மலிவாக வளர்க்கலாம் என்ற முதல் வாக்குறுதியும் கூடவே போயிற்று. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக் கூடாது. வென்ட்ரியா நிறுவனம் தாய்ப்பால் புரதங்களை நெல்லில் வைத்து மிசூரியில் பயிரிடப் போவதாக 2005ல் சொன்னபோது என்ன நடந்தது? பெரிய பீர் நிறுவனமான அன்ஹாய்சர் புஷ், அப்படிச் செய்தால் மிசூரி அரிசியையே வாங்க மாட்டோம் என்று நின்றது. எதிர்த்தது சூழல் அமைப்புகள் மட்டும் இல்லை, உணவுத் தொழிலே எதிர்த்தது. அதையும் கம்பெனிச் சதி என்று சொல்வீர்களா?

#12 புதுவிதை

நான் சொல்லவில்லை, நண்பன்தான் சொன்னான் :)

கேரட் கதையை யாராவது விளக்குங்களேன். இவ்வளவு தொல்லைக்கு நடுவே அது மட்டும் எப்படித் தேறியது?

#13 வடிகட்டி

எனக்குப் பிடித்த கதை, நீளமாகத்தான் எழுதுவேன்.

கோஷே நோய் என்று ஒன்று. குளூக்கோசெரிப்ரோசிடேஸ் என்ற நொதி பிறவியிலேயே குறைவு. அந்த நொதி உடைக்க வேண்டிய கொழுப்பு, மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்களில் தேங்கும். மண்ணீரலும் கல்லீரலும் வீங்கும், எலும்பு நொறுங்கும். மருத்துவம், அந்த நொதியை வெளியிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தக் குழாயில் ஏற்றுவது. ஏற்றினால் மட்டும் போதாது, அது மேக்ரோஃபேஜுக்குள் நுழைய வேண்டும். மேக்ரோஃபேஜின் மேல், மேனோஸ் என்ற சர்க்கரையைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பி இருக்கிறது. நொதியின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலி மேனோஸில் முடிந்தால் உள்ளே போகும். இல்லாவிட்டால் பெரும்பகுதி வேறெங்கோ போய்ச் சேரும்.

சிஹெச்ஓ செல் செய்யும் நொதியில் மேனோஸுக்கு மேலே வேறு சர்க்கரைகள் மூடிக்கொண்டிருக்கும். ஜென்சைம் நிறுவனத்தின் செரிசைம் மருந்தில், நொதியைச் செய்தபின் அந்தச் சர்க்கரைகளை வேறு மூன்று நொதிகளால் ஒவ்வொன்றாகச் சீவி எடுக்கிறார்கள். கூடுதல் படி, கூடுதல் செலவு.

இஸ்ரேலின் புரோட்டாலிக்ஸ் என்ன செய்தது? கேரட் வேர்ச் செல்லில் நொதியைச் செய்யவைத்து, அதைச் செல்லுக்குள் இருக்கும் வாக்யூல் என்ற பைக்கு அனுப்பும் ஒரு சிறு முகவரித் துண்டையும் கூடவே சேர்த்தது. வாக்யூலில் இருக்கும் செடியின் சொந்த நொதிகளே மேல் சர்க்கரைகளைச் சீவிவிடுகின்றன. மேனோஸ் வெளியே தெரியும்படி நொதி தயாராகவே வந்துவிடுகிறது. சீவும் வேலை செடிக்குப் போயிற்று!

கவனியுங்கள், அது செடிகூட இல்லை. பல நூறு லிட்டர் பிளாஸ்டிக் பைகளில் வளரும் செல்கள். வயல் இல்லை, மகரந்தம் இல்லை, ஆகவே எதிர்க்காற்றுக்குச் சண்டை போட எதுவும் இல்லை. இலை இல்லாததால் பச்சையத் தொல்லையும் எனக்கு இல்லை.

அப்புறம் அதிர்ஷ்டமும் சேர்ந்தது. 2009ல் ஜென்சைமின் ஆல்ஸ்டன் ஆலையில் செல் கலன்களுக்குள் வெசிவைரஸ் 2117 புகுந்துவிட்டது. மனிதருக்குத் தீங்கு செய்வதாகத் தெரியாத வைரஸ்தான், ஆனால் செல்கள் வளராமல் போயின. ஆலையை நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. உலகம் முழுக்கச் செரிசைம் தட்டுப்பாடு. விலங்குச் செல்லைத் தாக்கும் வைரஸ் கேரட் செல்லில் பெருகாது என்ற வாதம் அன்றைக்குத்தான் எல்லோர் காதிலும் ஏறியது. 2012 மே 1 அன்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்தக் கேரட் செல் மருந்துக்கு, எலெலைசோ என்ற பெயரில், அனுமதி கொடுத்தது. செடிச் செல்லில் செய்து மனிதருக்கு ஏற்ற அனுமதி பெற்ற முதல் புரத மருந்து அதுதான்.

விலை? செரிசைமைவிடச் சுமார் கால் பங்கு குறைவாக வைத்தார்கள். அப்போதும் ஆண்டுக்கு லட்சக்கணக்கான டாலர்தான். கேரட்டின் விலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அரிய நோய், நோயாளிகள் குறைவு, போட்டி மருந்தின் விலை இவ்வளவு, ஆகவே நம் விலை இவ்வளவு. மருந்து விலை அப்படித்தான் பிறக்கிறது.

ஆக, புதுவிதை, உங்கள் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள். செடி மலிவா என்று கேட்டால் ஒன்றும் விளங்காது. இந்தப் புரதத்துக்கு மற்றச் செல் செய்ய முடியாத எதைச் செடி செய்கிறது என்று கேளுங்கள். கோஷேவில் அதற்கு நறுக்கென்று ஒரு பதில் இருந்தது. அதே நிறுவனம் ஃபேப்ரி நோய்க்குப் புகையிலையின் பிஒய்-2 செல்லில் இன்னொரு நொதியைச் செய்து 2023ல் அனுமதி வாங்கியதும் இந்த அனுபவத்தின் மேல்தான்.

#14 மருந்தகன்

சர்க்கரை என்றதும் ஒரு சந்தேகம். செடி ஒட்டும் சர்க்கரையில் சைலோஸும், ஃபியூகோஸ் வேறொரு பிணைப்பிலும் வரும். மனித உடலில் அவை கிடையாது. மகரந்த ஒவ்வாமை உள்ளவர்கள் சிலரிடம் அவற்றுக்கு எதிரான ஆன்டிபாடி ஏற்கனவே இருக்கிறதே?

#15 இலைநரம்பு

பல காலம் எல்லோரையும் பயமுறுத்திய விஷயம் அது. இரண்டு வகையில் தணிந்தது. ஒன்று, வியன்னாவில் ஸ்ட்ராஸர், ஸ்டைன்கெல்னர் குழு 2008ல் அந்த இரண்டு சர்க்கரையையும் ஒட்டும் நொதிகளை அடக்கிய பெந்தாமியானா வம்சத்தை உருவாக்கிவிட்டது. இசட்மேப் அந்த வகைச் செடியில் செய்ததுதான். ஃபியூகோஸ் இல்லாத ஆன்டிபாடி, நோய் எதிர்ப்புச் செல்களை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும் என்பது கூடுதல் லாபம். சிஹெச்ஓ ஆட்களும் இதற்காகவே தங்கள் செல்லில் ஃபியூகோஸை நீக்கப் பாடுபடுகிறார்கள். இரண்டாவது, மெடிகாகோ சர்க்கரையை மாற்றாமலே ஃப்ளூ தடுப்பூசியை ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போட்டது. பெரிய ஒவ்வாமைத் தொல்லை எதுவும் வெளிப்படவில்லை. தசையில் போடும் மைக்ரோகிராம் தடுப்பூசிக்கு இது ஆறுதல். வாழ்நாள் முழுக்க ரத்தத்தில் ஏற்றும் மருந்துக்கு அதே ஆறுதலை அப்படியே நீட்டிவிட முடியாது.

#16 புதுவிதை

கோவிஃபென்ஸ் இப்போது கிடைக்கிறதா?

#17 மருந்தகன்

இல்லை. 2022 பிப்ரவரியில் கனடா அனுமதித்தது. நோயைத் தடுக்கும் திறன் சுமார் 70 சதவீதம், அதுவும் பல உருமாறிய வைரஸ்கள் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில். மோசமில்லை. ஆனால் மெடிகாகோவில் பிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனத்துக்குப் பங்கு இருந்தது. புகையிலைத் தொழிலோடு உறவு வைத்துக்கொள்வதில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கொள்கை, ஆகவே அது ஏற்க மறுத்தது. அதன் ஒப்புதல் இல்லாமல் உலகத் தடுப்பூசிப் பகிர்வுத் திட்டத்துக்குள் நுழைய முடியாது. அதற்குள் ஆர்என்ஏ தடுப்பூசிகள் சந்தையை நிரப்பிவிட்டன. உரிமையாளரான மிட்சுபிஷி குழுமம் 2023 பிப்ரவரியில் மெடிகாகோவை மூடுவதாக அறிவித்தது.

நோய் தீர்க்கும் செடி புகையிலைக்கு உறவு என்பதால் சிகரெட் பணம் வந்தது, சிகரெட் பணம் வந்ததால் தடுப்பூசி வெளியே நின்றது. கொள்கை சரிதான் என்றே நினைக்கிறேன், ஆனாலும் வயிற்றெரிச்சல்.

#18 வடிகட்டி

வேகத்தைப் பற்றி இலைநரம்பு சொன்னதையும் இங்கே வைத்துப் பாருங்கள். 20 நாளில் துகள் தயார். அனுமதி கைக்கு வர ஏறத்தாழ இரண்டு ஆண்டு. செடி வேகமாகத்தான் ஓடியது. சோதனை, ஆலை, ஆவணம் எல்லாம் தங்கள் வேகத்தில்தான் நடந்தன.

#19 மணல்மேடு

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். வாழைப்பழத்தில் தடுப்பூசி என்று சின்ன வயதில் படித்த ஞாபகம். சாப்பிட்டாலே போதும், ஊசி வேண்டாம் என்று. அது பொய்யா?

#20 பசுங்கணிகம்

பொய்யில்லை. சார்லஸ் ஆர்ன்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் தொண்ணூறுகளில் அதற்காக நிறைய உழைத்தார். 1998ல் வெளியான ஆய்வில், வயிற்றுப்போக்கு உண்டாக்கும் பாக்டீரியாவின் நச்சுத் துண்டை உருளைக்கிழங்கில் வைத்து, தன்னார்வலர்களுக்குப் பச்சையாகத் தின்னக் கொடுத்தார்கள். வேகவைத்தால் புரதம் கெட்டுவிடும், ஆகவே பச்சைக் கிழங்குதான்! மாற்றிய கிழங்கைத் தின்ற 11 பேரில் 10 பேருக்கு ரத்தத்தில் ஆன்டிபாடி கூடியது.

அப்படியும் அது மருந்தாகவில்லை. ஒரு பழத்துக்கும் இன்னொரு பழத்துக்கும் புரதத்தின் அளவு மாறும். பழுத்தால் மாறும், வைத்திருந்தால் மாறும். மருந்து என்றால் ஒவ்வொரு வேளையிலும் இவ்வளவுதான் இருக்கிறது என்று காட்ட வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. அடிக்கடி வாய்வழியே உள்ளே போகும் புரதத்தை உடல் உணவாக எடுத்துக்கொண்டு, எதிர்க்காமல் பழகிவிடக்கூடும். தடுப்பூசிக்கு நேர் எதிரான விளைவு அது. அதனால்தான் இன்று பழமாகத் தின்பது என்ற பேச்சே இல்லை. இலையை உறைய வைத்து உலர்த்தி, பொடித்து, அளந்து மாத்திரை உறையில் போடுகிறார்கள். ஹென்றி டேனியல் குழு லெட்யூஸ் கீரையின் பசுங்கணிகத்திலேயே, அதாவது செல்லுக்குள் பச்சையம் இருக்கும் பகுதியிலேயே, மரபணுவைச் சேர்த்து இந்த வழியில் போகிறது. சுத்திகரிப்பு என்ற படியையே தாண்டிவிடலாம் என்பது அதன் கவர்ச்சி. வடிகட்டிக்கு வேலை போய்விடும் :)

#21 வடிகட்டி

போகட்டும், சந்தோஷம். என் பார்வையில் இந்தத் துறையில் உண்மையிலேயே செலவைக் குறைக்கக்கூடிய யோசனை அது ஒன்றுதான். குடலில் வேலை செய்ய வேண்டிய புரதத்துக்கு மட்டும்.

#22 மணல்மேடு

இன்சுலின்? உலகத்தில் அத்தனை பேருக்கு வேண்டியிருக்கிறதே.

#23 வடிகட்டி

செய்து பார்த்தார்கள். கனடாவின் செம்பயோசிஸ் குசும்பா விதையில் இன்சுலினைச் செய்தது, யோசனையும் அபாரம். விதைக்குள் இருக்கும் எண்ணெய்த் துளியின் மேலுறைப் புரதத்தோடு இன்சுலினை ஒட்டவைத்தார்கள். விதையை அரைத்து நீரில் விட்டால் எண்ணெய் மேலே மிதக்கும், இன்சுலினும் அதோடு மிதந்து வரும். நான் பார்த்ததிலேயே அழகான முதல் படிச் சுத்திகரிப்பு அதுதான். மனிதர்களிடம் முதல் கட்டச் சோதனை வரைக்கும் போனார்கள். 2012ல் நிறுவனமே இல்லை.

இன்சுலினுக்குச் சர்க்கரைச் சங்கிலி கிடையாது. பாக்டீரியாவிலும் ஈஸ்டிலும் 1980களிலிருந்தே நன்றாக, மலிவாகச் செய்கிறார்கள். பல இடங்களில் இன்சுலின் எட்டாத விலையில் இருப்பதற்கு உற்பத்திச் செலவு காரணமில்லை, காப்புரிமையும் சந்தையும்தான். குசும்பா அந்தப் பூட்டைத் திறக்காது.

#24 இலைநரம்பு

மருந்தாகவே இருக்க வேண்டும் என்று ஏன் பார்க்கிறோம் என்றும் கேட்கலாம். கியூபா 2006லேயே புகையிலையில் ஒரு ஆன்டிபாடியைச் செய்தது, மனிதருக்குப் போட இல்லை. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிப் புரதத்தைச் சுத்திகரிக்கும் குழாயில் வைக்க. ஐஸ்லாந்தில் பார்லி விதையில் வளர்ச்சிக் காரணிகளைச் செய்து அழகுசாதனத்துக்கும் ஆய்வகங்களுக்கும் விற்கிறார்கள். மக்காச்சோளத்தில் செய்த டிரிப்சின் என்ற புரதம் வெட்டும் நொதி ஆய்வக வேதிப்பொருள் பட்டியலில் இடம் பிடித்துவிட்டது. மருத்துவச் சோதனை என்ற மலை குறுக்கே இல்லாத இடங்களில் செடி சத்தமில்லாமல் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது.

#25 எதிர்க்காற்று

பார்லி கண்ணாடி வீட்டில். மக்காச்சோளம்?

#26 இலைநரம்பு

மக்காச்சோளம் வயல்தான். அந்த இடத்தில் உங்கள் கவலை நியாயம், விவாதிக்க எனக்கு ஒன்றுமில்லை.

#27 புதுவிதை

எல்லோருக்கும் நன்றி. என் இறுதியாண்டுத் திட்டத்துக்கு இதையே எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். கிரிஃபித்சின் பற்றிப் படித்தேன். சிவப்புப் பாசியிலிருந்து வந்த சிறு புரதம், எச்ஐவி உட்படச் சில வைரஸ்களின் மேலிருக்கும் மேனோஸைப் பிடித்துக்கொள்கிறது, பெந்தாமியானாவில் ஏராளமாக விளைகிறது. கல்லூரியில் வெற்றிடப் பம்பும் செடியும் இருக்கின்றன. புரோட்டீன் ஏ மாதிரி விலை உயர்ந்த குழாய் எதுவும் கிடையாது. சாத்தியமா?

#28 வடிகட்டி

நல்ல தேர்வு. சர்க்கரைச் சங்கிலி கிடையாது, சூடும் அமிலமும் தாங்கும், ஆகவே விலை உயர்ந்த குழாய் இல்லாமலே பாதித் தூரம் போய்விடலாம். அரைக்கும் கரைசலில் ஃபீனால் கறுக்காமல் இருக்க அஸ்கார்பிக் அமிலமோ சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டோ சேருங்கள், எல்லாவற்றையும் பனிக்கட்டியில் வைத்தே செய்யுங்கள். சாற்றின் பிஎச்சை 5க்குக் கீழே இறக்கினால் ரூபிஸ்கோ பெரும்பகுதி படிந்துவிடும், சுழற்றி நீக்கிவிடலாம். அதற்கு முன் சின்னக் குழாயில், பிஎச் 4, 4.5, 5 மூன்றிலும் மேல்நீரையும் படிவையும் தனித்தனியாக, புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள், உங்கள் புரதமும் படிவோடு போகிறதா என்று தெரிந்துவிடும். பச்சை இலையில் ஆரம்பித்த எடை, ஒவ்வொரு படியிலும் மிஞ்சிய புரதம் இரண்டையும் முதல் நாளிலிருந்தே எழுதி வையுங்கள், திட்ட அறிக்கையில் எல்லோரும் விட்டுவிடும் அட்டவணை அதுதான்.

#29 புதுவிதை

சரி. அறுவடை எந்த நாளில் செய்வது, ஐந்தாம் நாளா ஏழாம் நாளா?

#30 இலைநரம்பு

மரபணுவைச் சுமந்து போகும் வெக்டர் எதை வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மூன்றாம் நாளிலிருந்து தினமும் ஒரு செடியிலிருந்து ஒரே உயரத்து இலையாகப் பார்த்து எடுத்து அளந்துவிடுங்கள். மேல் இலைக்கும் கீழ் இலைக்கும் விளைச்சல் நிறைய மாறும். இலை மஞ்சளாகித் துவள ஆரம்பித்தால் தாமதித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.